மதினி கொடுத்த போத்தல்

நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கிளினிக் நாள். மூத்திரம் சோதிக்கக் கொடுக்கும் வரிசையில் நின்ற விஜயலெட்சுமியின் கையில் போத்தல் இன்னும் சூடாக இருந்தது. உள்ளே இருந்தது அவளுடையதல்ல. புருஷனின் அக்கா சிவசக்தி கக்கூசுக்குப் போய்ப் பிடித்துவந்து திணித்தது.

"இதக் குடுத்துரு. ஒன்னோடதுல சீனி கீனி காட்டிச்சுன்னா எம் பொடிய எவ வாங்குவா?"

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது குடித்தால் சீனி வருத்தம் என்னும் நீரிழிவு அண்டாது என்று சொல்லி, சிவசக்தி தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஒரு பொடியை விற்றுத் திரிந்தாள். வாந்தி வாடையடிக்கும் அந்தப் பொடிக் கஞ்சியை விஜயலெட்சுமி இம்முறை மூக்கைப் பொத்திக்கொண்டு தினமும் குடித்தாள். மூத்த பிள்ளை வயிற்றிலேயே கண்டபடி பெருத்து, தோள் சிக்கி, நீலம் பாய்ந்து செத்துத்தான் வந்தது. சீனியால் என்றார்கள் ஆஸ்பத்திரியில். லயத்துச் சனமோ, "யானைக்குட்டியாட்டமில்ல பெத்திருக்கா" என்று பிணத்தை மெச்சிவிட்டுப் போனது.

"மதினி, நெசமாவே சீனி இருந்தா இதுவும் அப்புடிப் போயிருமே?"

"அடி போடி. பொடி குடிக்கிறவளுக்கு எங்கிட்டிருந்து வரும்?"

"அப்ப என்னோடதையே குடுக்குறேன்."

சிவசக்தி அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். பின்னால் நின்ற தலைப்பிள்ளைக்காரியிடம் திரும்பிப் பல்லெல்லாம் சிரித்தாள். "எந் தம்பி பொண்டாட்டி. இதக் குடிச்சுத்தான் ஒரு கொறையுமில்லாம நிக்கிறா. ஒனக்கு ஒரு டின் தரவா தங்கச்சி?"

விஜயலெட்சுமி வரிசையை விட்டு விலகினாள். போத்தலைக் கழிவுநீர்க் கானுக்குள் கவிழ்த்தாள். மஞ்சளாய் நுரைத்து ஓடியது. கழுவி எடுத்துக்கொண்டு கக்கூசுக்குள் போனாள்.

மிட்வைப் லரீபா அவளுடையதில் நனைத்துப் பார்த்த சோதனைப் பட்டி நிறம் மாறியது.

"சீனி காட்டுது. ரத்தமும் பாக்கணும். இன்னைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே தெரிஞ்சது நல்லது, கவனமா இருந்தா புள்ளையக் காப்பாத்தலாம்."

"ஒரு பொடி குடிக்கிறேன் மிஸ்."

"அத நம்பி இருந்துராதீங்க."

வெளியே டின் ஏற்கெனவே தலைப்பிள்ளைக்காரியின் கையில் இருந்தது. விஜயலெட்சுமி வரிசைக்கே கேட்கும்படி கத்தினாள். "இந்தக் கருமத்த ஒருநாள் விடாமக் குடிச்சேன். எனக்குச் சீனி வந்திருச்சு. தெரியக்கூடாதுன்னு இவ தன்னோட மூத்திரத்தக் குடுக்கச் சொன்னா!"

சிவசக்தியின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "இவ முறையாக் குடிக்கல."

தலைப்பிள்ளைக்காரி டின்னைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்கு முறையாச் சொல்லிக் குடுங்கக்கா."

விஜயலெட்சுமி காறித் துப்பிவிட்டு, பதுளை பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு இறங்கினாள்.