கொதிநீரில் முக்காத முளைகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எட்டு வருடமாக எழுதிக் கிழிக்கிறேன். எல்லாத் தொடக்கங்களிலும் டார்கஸ் ஹோஸ்டெட்டர் செத்துப்போகிறாள். எதிலும் யார்மேலும் குற்றமில்லை.

உதாரணத்துக்கு ஒன்று: "பென்சில்வேனியாவில் ஆகஸ்ட் மாதம், மக்காச்சோள மகரந்தம் பொன்னாய் உதிரும் காலையில் டார்கஸ்—"

[அழகாக வருகிறது. அதனாலேயே வேண்டாம்.]

2

கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். புல்லின் மகரந்தம் சூல்முடியில் விழுந்ததும் ஒரு புரதத்தைக் கக்கும். அது செல்சுவரை வெட்டாது. இழைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியை மட்டும் தளர்த்தும். சுவர் நெகிழ்ந்ததும் மகரந்தக் குழாய் உள்ளே போய்விடும். மக்காச்சோளமும் புல்தான். அதே புரதம் மனிதர் மூக்கில் ஏறினால் தும்மல். சிலருக்கு மூச்சே அடைத்துவிடும்.*

* டார்கஸ் எங்கள் ஆய்வகத்தின் உதவியாளர். பதினைந்து கோடை ஆண்பூக்களுக்குக் காகிதப்பை கட்டி, பனி காய்ந்ததும் உலுக்கி, மகரந்தம் சேர்த்தவள். மூச்சு அடைக்கத் தொடங்கியதால், அந்த வருடம் வயல் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

3

எம்மெட் என்ற இளம் ஆய்வாளன் கோதுமை முளைத் துண்டைக் கவ்வியில் மாட்டி, எடையைத் தொங்கவிட்டு, மகரந்தச் சாற்றை ஊற்றினான். துண்டு நீண்டது. திரையில் கோடு ஜம்மென்று ஏறியது. குளிர்பெட்டியில் இருந்த மகரந்தம் முழுவதையும் கரைத்து ஒன்பது முறை செய்துபார்த்தான். ஒன்பதும் ஏறின.

அப்புறம்தான் கொதிநீர்ச் சட்டியைப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. முளையை முதலில் கொதிநீரில் முக்கி, அதன் சொந்தப் புரதத்தைச் சாகடிக்க வேண்டும். முக்காவிட்டால் முளை தன்பாட்டுக்கே நீளும். ஒன்பது கோடுகளும் குப்பை. மறுபடி செய்ய மகரந்தமும் மிச்சமில்லை. பேராசிரியரிடமோ ஏற்கெனவே பீற்றிக்கொண்டாகிவிட்டது.

"டார்கஸ், பழைய மகரந்தம் கெட்டுப்போச்சு. புதுசு வேணும்."

"நான் வெச்சதா? கெடாதே டாக்டரே!"

"கெட்டுப்போச்சுங்கிறேன்ல."

"வயலுக்குப் போகாதேன்னு எனக்குச் சொல்லியிருக்காங்க, தெரியும்ல?"

"தெரியும். ஒரே ஒரு காலை. முகமூடி போட்டுக்கோ. உன்னைவிட்டா யாருக்கு அது எப்ப உதிரும்னு தெரியும்?"

அவள் சிரித்தாள். "ஐஸ் வைக்காதே. போறேன், போ."

4

எம்மெட்டை எனக்குப் பிடிக்கவில்லை. உடம்பில் உயிர் இல்லாத பாத்திரம். ஊர் கிடையாது, தாய் தகப்பன் கிடையாது, பழி சுமக்க மட்டும் பிறந்தவன். மேலே 'எம்மெட்' என்று வரும் இடமெல்லாம் 'நான்' என்று படியுங்கள்.

மறுநாள் காலை அவள் சோளத்துக்குள் இருந்தபோது நான் பேராசிரியருக்கு அந்த ஒன்பது கோடுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். "சபாஷ்" என்றார். அவளை ஒன்பதாவது வரிசையில் கண்டெடுத்தார்கள். முகமூடி கழுத்தில் இருந்தது. மூச்சு முட்டியதில் இழுத்துவிட்டிருக்க—

[அவள் கடைசி நிமிடத்தை எழுத எனக்கு அருகதை இல்லை.]

5

முடிவு ஒன்று: நான் உண்மையைச் சொல்கிறேன். மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் கடைசிப் பத்தியில் என்னை யாராவது மன்னித்துவிடுகிறார்கள். கிழித்துப்போட்டேன்.

முடிவு இரண்டு, நடந்தது: அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் ஹாம் இறைச்சியும் உருளைக்கிழங்கு சாலட்டும் வைத்திருந்தார்கள். அவள் கணவர் மெர்ல், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குளிர்பெட்டி நிறைய மகரந்தம் இருக்கு, இந்த வருஷம் போகவேண்டாம்னு சொன்னாளே. அப்புறம் எதுக்குப் போனா?"

"அது... கெட்டுப்போச்சு, மெர்ல்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "மூடிய சரியா இறுக்கியிருக்க மாட்டா. வீட்லயும் அப்படித்தான், ஊறுகா பாட்டில்கூட அரைகுறையாத்தான் மூடுவா." என் தோளைத் தட்டினார். "அவ செஞ்ச தப்புக்கு நீ மனசு ஒடஞ்சு போகாதே."

நான் தலையாட்டினேன்.

6

முடிவு மூன்றை எழுத மாட்டேன். எழுதினால் செய்துவிட்டதுபோல ஆறுதலாகிவிடும், எனக்கு என்னைத் தெரியும். மெர்ல் உயிரோடுதான் இருக்கிறார். ஓய்வு பெற்றுவிட்டார். பகலில் போனில் கூப்பிட்டால் இரண்டாவது மணியிலேயே எடுப்பார். அவள் மூடியை நன்றாகத்தான் இறுக்கியிருந்தாள் என்று இந்த உலகத்தில் இதுவரை ஒருவனுக்குத்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.