ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

மன்றத்தில் அன்று இருந்தவர்கள் இவர்கள்: கேரம் பலகையை மடியில் வைத்து அதையே மேசையாக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த செயலாளர் பொன்ராஜ், அவருக்கு எதிரே, தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, பெட்டியே கண்ணுக்குத் தெரியாதபடி அதன்மேல் அமர்ந்திருந்த மாரித்தாய், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, ஒரு தோள் சாரலில் நனைவதைக்கூட கவனிக்காமல் வாசற்படியில் இருந்த பெரிய கங்காணி ராக்கப்பன், ரேடியோ அலமாரியின் கீழே சாந்தம்மாள், அவள் முதுகில் சாய்ந்துகொண்டு அவள் மகள் சுருளி. மேல் லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் மற்றவர்கள் எல்லாரும் சுவரோரமாக, இடம் கிடைத்தபடி.

வருஷம் 1972. மழை வலுத்து, மத்தியானத்தோடு வேலையை நிறுத்திவிட்ட ஒரு வெள்ளிக்கிழமை. தேவிகுளத்துக்கு மேலே, மேகம் வீட்டுக்குள் புகுந்து வெளியே போகிற உயரத்தில் இருந்தது அந்த எஸ்டேட். மனமகிழ் மன்றம் என்று பெயர் பெரிதாக இருந்ததே தவிர, தகரக் கூரை போட்ட ஒரே அறைதான். ஈரக் கம்பளி வாடையும், மண்ணெண்ணெய் அடுப்பில் கொதிக்கிற, பால் சேர்க்காத கட்டஞ்சாயா வாடையும் அந்த அறையை விட்டு என்றைக்குமே போனதில்லை. ஒரு காரியம் என்றால் லயமே திரண்டு வந்து அந்த வாடைக்குள் உட்கார்ந்துவிடும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அப்படி ஒரு காலம் அது.

அன்றைக்குக் காரியம் இதுதான். துணிச்சலான காரியம் செய்த பிள்ளைகளுக்கு டெல்லியில் கொடுக்கிற விருதுக்குச் சுருளியின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். அந்த அபேட்சை மனு தேவிகுளம் தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சேர மறுநாள்தான் கடைசி. தப்பால்காரர் மொக்கையன் தோல்பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்குவதற்குள் எழுதி முடித்தாக வேண்டும்.

மற்றவர்களுக்கு அது லயத்துக்கு வரப்போகிற பெருமை. சாந்தம்மாளுக்கு அது வேறு. அவள் புருஷன் நல்லதம்பி பட்டாளத்தில் இருந்தான். பாகிஸ்தான் சண்டைக்கு முந்தின வருஷம் லீவில் வந்து போனவன்தான். மார்கழியில் சண்டை முடிந்தது. ஆனாலும் இன்னும் லீவு கிடைத்தபாடில்லை. போன மாதம் வந்த காகிதத்தில் ஒரு சேதி எழுதியிருந்தான். ஜனவரி இருபத்தாறாம் தேதி டெல்லியில் அணிவகுத்துப் போகிற படையில் அவன் பெயரும் இருக்கிறதாம். விருது வாங்குகிற பிள்ளைகளை அதே நாளில் அதே ரோட்டில் யானைமேல் ஏற்றி அழைத்துப் போவார்கள் என்று பொன்ராஜ் பத்திரிகைப் படம் ஒன்றைக் காட்டியிருந்தார். அப்பன் நடந்து போவான், மகள் யானையில் போவாள். படத்தைப் பார்த்த நாளிலிருந்து சாந்தம்மாள் கொழுந்து கிள்ளும்போதும் அந்த ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“அப்பா தொப்பி இல்லாம எப்பிடிம்மா இருப்பாரு?” என்று சுருளி ஒருநாள் கேட்டாள். வீட்டிலிருந்த போட்டோவில் அவன் பட்டாளத் தொப்பியோடுதான் இருந்தான். பிள்ளைக்கு அந்த முகம்தான் அப்பன். சாந்தம்மாள் சோற்றுப் பானையைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

ரேடியோவுக்குக் கீழே அவள் உட்கார்ந்திருந்த இடம்கூட அந்தச் சண்டையின்போது கிடைத்ததுதான். சண்டை நடந்த நாட்களில் செய்தி கேட்க லயம் முழுக்க மன்றத்துக்கு வந்துவிடும். நல்லதம்பி லீவில் வந்தபோது தலையில் சுமந்து கொண்டுவந்த ரேடியோ அது. முதல் நாள் சாந்தம்மாள் பின்னால் நின்றாள். “பட்டாளத்தான் பொண்டாட்டி முன்னால உக்காரட்டும்யா, சேதி அவளுக்குத்தான முதல்ல” என்று ராக்கப்பன் ஆளை விலக்கி இடம் போட்டுக் கொடுத்தார். பிறகு அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. சண்டை முடிந்த பின்னும் அது அவள் இடம். மேட்டில் ஏறிக் கொழுந்தெடுக்க அவளை விடாமல் வீட்டுக்குக் கிட்டத்துத் தேயிலைச் செடி நிரையாகப் பார்த்துக் கொடுத்ததும் அதே ராக்கப்பன்தான்.

பொன்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுதியதைப் படித்தார்.

“‘வானம் பிளந்து மலை பெயர்ந்த அந்தப் பயங்கரமான நேரத்தில், சிறுமி சுருளியம்மாள் தன் உயிரைத் துச்சமென மதித்து, வீடு வீடாக ஓடிக் கதவுகளை உடைத்து...’”

“கதவ ஒடச்சாளாக்கும்?” என்றாள் மாரித்தாய். “எங்கதவு ரெண்டு வருசமா ஒடஞ்சுல்லா கெடக்கு! அதையும் இவ தலையிலயே கட்டுதீரா?”

“அது ஒரு அலங்காரம்க்கா. கேளுங்க.”

“அலங்காரம்னா நல்லாப் பண்ணும். என்னையத் தோள்ல தூக்கிட்டு வந்தான்னு ஒரு வரி சேரும்.”

“ஒங்களத் தூக்குனான்னு எழுதுனா வீரத்துக்குக் குடுக்க மாட்டாக மதினி, பளு தூக்குறதுக்குத்தான் குடுப்பாக!” என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மாரித்தாயே முதலில் சிரித்தாள். அவள் சிரித்ததில் தேயிலைப் பெட்டி கிறீச்சிட்டது.

சிரிப்பு அடங்கியதும் சுருளி சொன்னாள். “நான் வீடு வீடா ஓடலையே. மணிதான அடிச்சேன்.”

பொன்ராஜ் பேனாவை வைத்தார். “தாயி, பத்திரிகையில என்ன போட்டுருக்கான்? உயிருக்கு ஆபத்து இருந்தும் அஞ்சாம மத்தவங்களக் காப்பாத்துன பிள்ளைங்கன்னு போட்டுருக்கான். மணி அடிச்சான்னு எழுதுனா டெல்லிக்காரன் என்ன நெனப்பான்? பள்ளிக்கூடத்துப் பியூனும்தான் தெனம் மணி அடிக்கான். அவனையும் யானையில ஏத்தணும்ல?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நடந்ததை மலைக்குக் கீழே இருப்பவனுக்குச் சொல்லிப் புரியவைப்பது லேசில்லை.

பெரட்டு மணி என்பது, 1924-ல், மலையாளக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன பழைய ரயில் பாதையின் தண்டவாளத் துண்டு. பெரட்டுக் களத்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விடிகாலையில் அது ஒலித்தால் லயத்துக் கால்கள் தாமாக எழுந்து நடக்கும். தூக்கம், காய்ச்சல், சண்டை எதுவும் அதற்கு முன் நிற்காது. களத்தில் போய் நின்று பெயர் கொடுத்தால்தான் அன்றைய வேலை. அதைத் தொட உரிமை ராக்கப்பன் ஒருவருக்கே உண்டு. ஒரு தடவை குடித்துவிட்டு அதை அடித்த ஆள் ஒருவனை மறுநாளே மூட்டை முடிச்சோடு மலையிறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு லயத்துப் பிள்ளைகள் அந்த மரத்தைச் சுற்றி விளையாடக்கூட மாட்டார்கள்.

ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் படுத்திருந்த நேரம். தண்ணீர் பிடிக்க மேட்டுக்குப் போன சுருளி, ஊற்றுக் குழாயில் தண்ணீர் சிவப்பாக வருவதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அடியோடு நின்றது. கொட்டுகிற மழையில் ஊற்று நின்றால் மலை உள்ளுக்குள் எங்கோ வாயை மூடிக்கொண்டிருக்கிறது, சரியப்போகிறது என்று அர்த்தம். இது லயத்தில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். குடத்தைப் போட்டுவிட்டு அவள் வீட்டுக்கு ஓடவில்லை. களத்துக்கு ஓடினாள்.

மணி கேட்டதும் லயம் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. உறைத்தவர்களும் திட்டிக்கொண்டே எழுந்தார்கள். சாக்கை இடுப்பில் கட்டி, கம்பளியைத் தலையில் போட்டு, கூடையை முதுகில் மாட்டி, கைப்பிள்ளையை இடுக்கிக்கொண்டு, அத்தனை பேரும் ஒழுங்காக இறங்கிக் களத்துக்கு வந்து வரிசையில் நின்றார்கள். “ஞாயித்துக்கெழமையும் பெரட்டா, தொரைக்கிப் பைத்தியமா பிடிச்சிருக்கு?” என்று மாரித்தாய் கத்தியது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அந்த வரிசை நின்றுகொண்டிருக்கும்போதுதான் மலை சரிந்தது. மேல் லயத்தில் முதல் மூன்று வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. உள்ளே ஒரு ஆள் இல்லை.

இதில் ஆபத்து எங்கே? ஆபத்து ஒன்றுதான். அது வாசற்படியில் உட்கார்ந்திருந்தது.

சாந்தம்மாள் மெதுவாகக் கேட்டாள். “விசாரிக்க ஆளு வருவாகல்ல? தாசில்தாரு இவளக் கூப்பிட்டுக் கேட்டா?”

“கேட்டா நடந்ததச் சொல்லுவேன்” என்றாள் சுருளி.

ஒருவரும் வாசற்படிப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவரவர் ஒரு வேலையைத் தேடிக்கொண்டார்கள். மாரித்தாய் டம்ளரின் அடியைப் பார்த்தாள். பொன்ராஜ் பேனாவின் முள்ளைத் துடைத்தார்.

மணிச் சத்தம் கேட்டு முதலில் வெளியே வந்தவர் ராக்கப்பன். தன் மணியை யாரோ தொட்டுவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில் குடையோடு பாய்ந்து வந்தவர், பிள்ளை என்றும் பார்க்காமல் குடையாலேயே அடித்தார். “எறக்குடி கைய!” என்று கத்திக்கொண்டே அடித்தார். அவள் கையை இறக்கவில்லை. வலது கை மரத்துப்போனதும் இரும்பை இடது கைக்கு மாற்றி அடித்தாள். கடைசி ஆள் வரிசையில் வந்து நிற்கும்வரை அடித்தாள். லயமே பார்த்தது அது. பார்த்தும், இந்த மூன்று வாரத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரிய கங்காணிக்கு மாசியோடு வேலை முடிகிறது. இத்தனை வருஷம் அவர் கையை எதிர்பார்த்து நின்ற ஜனம்.

சாந்தம்மாளுக்குத் தெரிந்தது. அந்த அடியை எழுதினால் அபேட்சை அசையாமல் நிற்கும். தாசில்தார் இல்லை, கலெக்டரே வந்து கேட்டாலும் நிற்கும். எழுதாவிட்டால், அலங்காரம் முதல் கேள்வியிலேயே உதிரும். அதோடு டெல்லியும் போகும், அந்த ரோடும் போகும். எழுதினால், கை கொடுத்த மனிதரை ஒரு பிள்ளையை அடித்தவராகச் சர்க்காருக்குக் காட்டிக் கொடுத்ததாக ஆகும். ஆபீசில் தெரிந்தால் கடைசி நேரத்தில் அவருக்கு என்ன வருமோ. அவள் சுருளியின் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கைக்கு மேலே கன்றிப்போன இடம் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

“பரவால்ல பொன்ராஜண்ணே, விட்ருங்க” என்றாள் கடைசியில். “பேரு அனுப்ப வேணாம். அவுக அடுத்த வருசம் லீவுல வராமயா போயிருவாக.”

“ஏத்தா” என்றார் ராக்கப்பன். தலையைத் திருப்பாமல் வெளியே மழையைப் பார்த்தபடியே பேசினார். “நான் இங்கன உக்காந்துருக்கறது கண்ணு தெரியலயா ஒனக்கு?”

“மாமா, அது வந்து...”

“எலே பொன்ராசு. அந்த வானம் பொளந்தத அடி. புதுசா எழுது. நான் சொல்றேன்.”

“ஆபீசுக்குத் தெரிஞ்சா மாமா?” என்றார் பொன்ராஜ்.

“தெரியட்டும்டா. அடிச்சவன் பேரு இல்லாம அடிபட்ட கத எப்பிடி நிக்கும்? எழுது. மணியத் தொட்டா மலையெறக்கம்னு இந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தொட்டுச்சு. பெரிய கங்காணி ராக்கப்பன் கொடையால அடிச்சான். கம்பி ஒடிஞ்சுபோச்சு. பிள்ளை நிறுத்தல. கொடைக்கம்பி ஒடிஞ்சதையும் எழுது.”

“ரெண்டு அடி” என்று பொன்ராஜ் எழுதத் தொடங்கினார்.

“மூணு.”

“மூணுதான்” என்றாள் சுருளி. “ஆனா மூணாவது அடி மரத்துல பட்டுச்சு தாத்தா. அதுலதான் கம்பி போச்சு.”

சுவரோரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராக்கப்பனின் தோள் ஒருதரம் குலுங்கியது. சிரிப்பா என்னவென்று அங்கிருந்து தெரியவில்லை. முகத்தை அவர் காட்டவில்லை.

“ஏன் மணி அடிச்சேன்னு கேட்டா என்னளா சொல்லுவ?” என்று மாரித்தாய் கேட்டாள், கலெக்டர் குரலில்.

“கத்துனா யாரும் வர மாட்டாக. ஓடுங்கன்னா ஆட்ட அவுக்கணும், பானைய எடுக்கணும்னு உள்ளாற ஓடுவாக. மணின்னா வந்துருவாக.”

மாரித்தாய் தலையை ஆட்டினாள். “நெசந்தான். பானையத்தான் எடுக்க ஓடியிருப்பேன்.”

பொன்ராஜ் எழுதியதை வாசித்துக் காட்டினார். இப்போது அது பாதியாகச் சுருங்கியிருந்தது. வானம் பிளக்கவில்லை. ஊற்று நின்றது, பிள்ளை ஓடியது, மணி, குடை, வரிசை, மலை. அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்களுக்கு நடந்ததை அப்போதுதான் முதல்முறையாகத் தெரிந்துகொள்கிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னும் ஒரு வரி இருக்கு” என்றாள் சாந்தம்மாள். “அவரு வீடுதான முதல்ல போச்சு. அடிக்கணும்னு வெளிய வந்ததாலதான் மாமா பொழச்சாரு. அதையும் எழுதுங்கண்ணே. இவ மணியால பொழச்ச ஆளுகள்ல முதல் பேரு அவரு பேராப் போடுங்க.”

பொன்ராஜ் நிமிர்ந்து ராக்கப்பனைப் பார்த்தார். அவர் எழுந்து உள்ளே வந்தார். வாசற்படியை விட்டு அன்று அவர் உள்ளே வந்தது அப்போதுதான். பேனாவை வாங்கி, முதல் பெயருக்கு எதிரே, எறும்பு ஊர்கிற வேகத்தில், பெரிய பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் வரிசை தானாக நின்றது. பெரட்டுக்கு நிற்கிற அதே வரிசை. கைநாட்டு வைத்தவர்கள் விரலைத் தலையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

மொக்கையன் வந்தபோது இன்னும் பாதிப் பேர் பாக்கி. “டெல்லிக்கா? கீழ டீக்கடைக்கிப் போறாப்புல சொல்றீக!” என்று சலித்துக்கொண்டே நின்றார். கட்டஞ்சாயா கொடுத்து அவரை நிறுத்தி வைத்தாள் மாரித்தாய். காகிதத்தை மடித்து உறையில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி வைத்தார் பொன்ராஜ். அரக்கு ஆறும்வரை சாந்தம்மாள் உறையின்மேல் மழைத்துளி விழாமல் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உறை தோல்பைக்குள் போனது. பூட்டு விழுந்தது. மொக்கையன் படியிறங்கியபோது ராக்கப்பன் பின்னாலேயே போனார்.

“மொக்கையா, இரு. அதுல ‘கோபத்தில் அடித்தார்’னு போட்டுருக்கா, இல்ல ‘அடித்தார்’னு மட்டும் இருக்கா? வாசிச்சப்ப கவனிக்க மறந்துட்டேன்.”

“பூட்டியாச்சு பெருசு. சாவி தேவிகுளத்துலல்ல இருக்கு. எதுன்னாலும் இனி டெல்லிக்காரந்தான் படிக்கணும்” என்று சொல்லிவிட்டு, மொக்கையன் கம்பளியைத் தலைக்கு இழுத்துவிட்டு, மேகத்துக்குள் இறங்கி நடந்தார்.