ஜீப்புக்குள் எட்டு நிமிடம்

டாக்டரம்மாவுக்குப் பொறுமை என்றால் வேப்பங்காய். காபி ஆறும்வரை காத்திருக்கத் தெரியாமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம். காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் அந்தக் குணம் போன மாதம் ஓர் உயிரைக் காவு வாங்கியது. மயக்க ஊசி பட்ட பெண் இரலை மான் ஒன்று விழுவதற்கு முன்பே பதறியடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். துரத்துகிறார்கள் என்று நினைத்து அதுவும் தலைதெறிக்க ஓடியது. உடம்பில் சூடு ஏறி, மயக்கம் தெளிவிக்கும் மாற்று மருந்து போடுவதற்குள் அவள் மடியிலேயே செத்துப்போனது. இன்னொன்று இப்படிப் போனால் ஊசித் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, நாய் பூனைகளோடு மிச்ச காலத்தை ஓட்டிவிடுவது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அந்த இன்னொன்றுதான் இப்போது எதிரே நின்றது. ஆண் இரலை. அறுந்த வேலிக் கம்பி கொம்பில் மாட்டி, முறுக்கிக்கொண்டு, வாயை இறுக்கிக் கட்டியிருந்தது. சுற்றிலும் பச்சைப் புல். நான்கு நாளாகப் பட்டினி. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். இன்றைக்கு விட்டால் நாளைக்கு எழுந்திருக்காது.

ஜீப் ஓட்டுபவன் அவளுடைய கொழுந்தன். அந்த வண்டியின் கதவுகள் உள்ளேயிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும். பழுது பார்க்கச் சொல்லி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இன்றைக்கு அந்தப் பழுதே அவளுக்கு வசதியாகப் போயிற்று.

“ஊசி பட்டதும் பூட்டிடு. மயக்கம் முழுசா ஏற எட்டு நிமிஷம். நான் உன் கால்ல விழுந்தாலும் தொறக்காத.”

“கால்ல விழுவீங்களா அண்ணி? ஐயோ, இதைப் பாக்க அண்ணனுக்குக் குடுத்து வைக்கலியே!”

ஜன்னல் வழியாகச் சுட்டாள். ஊசி தொடையில் பளிச்சென்று இறங்கியது. அவன் பூட்டினான்.

மூன்றாவது நிமிடம், சேற்றில் நடப்பது போல இரலை காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. டாக்டரம்மா இருக்கையின் ரெக்ஸினைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது நிமிடம், முழங்கால் மடிந்து சரிவில் விழுந்தது. உடம்பு மேட்டில், தலை பள்ளத்தில்.

அவள் கை கதவுப் பிடிக்குப் போனது. தலை தாழ்ந்தால் இரைப்பையில் இருப்பது மேலே வரும். வாயோ கம்பியால் கட்டிக் கிடக்கிறது. வந்தது வெளியே போக வழியில்லாமல் மூச்சுக் குழாய்க்குள் இறங்கிவிடும்.

“கதவைத் திற!”

“அஞ்சுதான் ஆச்சு.”

“திறடா!”

“முடியாது அண்ணி. நீங்க போட்ட உத்தரவு.” சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். போன மாதம் செத்த இரலைக்குக் குழி தோண்டியவன் அவன்தான். வம்புக்காகச் செய்யவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. கத்துவதை நிறுத்தினாள்.

“தம்பி, இங்க பாரு. அன்னிக்குப் பயந்து ஓடினேன். இப்ப என்ன ஆகும்னு தெரிஞ்சு கேக்கறேன். தலை கீழ கிடக்கு. நாம எட்டு நிமிஷம் உக்காந்தா அதுக்கு மூச்சு அடைச்சிடும். ஓட மாட்டேன். நடந்துதான் போவேன்.”

அவன் அவள் கைகளைப் பார்த்தான். ரெக்ஸினைப் பிய்ப்பதை நிறுத்தியிருந்தன. கதவைத் திறந்தான்.

பாதி தூரம் போயிருப்பாள். இரலையின் காது துடித்தது. தலை எழும்பியது. போன தடவை இரலை இப்படி முழுதாக மயங்காதபோதுதான் ஓட ஆரம்பித்தாள். இன்றைக்கு அப்படியே நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு நேரம் சும்மா நின்றதில்லை. தலை மெல்லச் சாய்ந்தது. மறுபடி நடந்தாள்.

கண்ணைத் துணியால் கட்டித் தலையைத் தூக்கிப் பிடித்தாள். கொழுந்தன் பூனை போல வந்து சேர்ந்தான். இருவருமாக அதை மேட்டுப் பக்கம் திருப்பி நெஞ்சு தரையில் படும்படி உட்கார வைத்து, மூக்கு நுனியைக் கீழ்நோக்கிச் சாய்த்தார்கள். மூக்கிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. பிறகு மூச்சு சுத்தமாக வந்தது. அவளுக்கும் அப்போதுதான் வந்தது.

கட்டிங் பிளேயரால் நான்கு இடத்தில் வெட்டியதும் கம்பி கழன்றது. புண்ணைக் கழுவி மருந்து போட்டாள். தெர்மாமீட்டர் முப்பத்தொன்பதரை டிகிரி செல்சியஸ் காட்டியது; பயமில்லை. போன மாதம் செத்ததற்கு நாற்பத்திரண்டைத் தாண்டியிருந்தது. கழுத்து நரம்பில் மாற்று மருந்தை ஏற்றி, கண் கட்டை உருவி, இருவரும் பின்வாங்கினார்கள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரலை எழுந்தது. தள்ளாடியது. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, துள்ளி இருபதடி ஓடி நின்றது. வாயைத் திறந்தது. மூடியது. நம்பாததுபோல மறுபடி திறந்தது. பிறகு தலையைத் தாழ்த்தியது.

கறுக், கறுக்கென்று புல் கடிபடும் சத்தம் இங்கே வரை கேட்டது.

டாக்டரம்மா கொழுந்தனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். கண்ணீர் தாடை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது.

“திங்குதுடா! பாருடா, திங்குது!”