விரதம் முடியும் மட்டும்

என் மனுசனைக் கொன்றது நெருப்பா, நானா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய்விட்டுச் சொல்லியிருப்பேன்.

அவர் பெயர் வாகீசன். மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மிளகாய்த் தோட்டம். அன்று ஓடிச் சூடேறிக் கிடந்த தண்ணீர் இறைக்கும் மிசினுக்குப் பெற்றோல் ஊற்றப் போனார். "ஆறட்டுமப்பா, ஆறட்டும்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! கேட்டால்தானே. குப்பென்று நெருப்புப் பிடித்து, இரண்டு காலும் தொடை வரைக்கும் வெந்துபோய்விட்டன.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் டொக்டர் நிவேதனா ஒரு கருவியோடு வந்தார். பேனை மாதிரி இருந்தது, நுனியில் ஊதா வெளிச்சம். குளிர் பிளாஸ்மா என்றார். அதைப் புண்ணுக்கு மேலே மெல்ல நகர்த்தினால் கிருமி சாகுமாம். பிறகு கொலாஜின் என்று ஒரு தாள். அதை ஒட்டிவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு புதுத் தோல் வளருமாம். புது முறை, இன்னும் பரிசோதித்துக்கொண்டிருக்கிறோம், விருப்பமென்றால் மட்டும் செய்யலாம் என்றார்.

வெளிச்சம் பட்டதும் என் மனுசன் சிரித்தார். "இஞ்சரும் கலா, சுடேல்லை. கூசுது." ஐந்து நாளில் அன்றுதான் சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

டொக்டர் தாளை வெளியில் எடுத்தார். வெங்காயச் சருகுபோல மெல்லிசாக இருந்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு எங்கே வாய் சும்மா கிடக்கும்?

"உது என்னத்திலை செய்தது டொக்டர்?"

"மாட்டுத் தோலிலை இருந்து எடுக்கிறதக்கா. நல்லாச் சுத்திகரிச்சது."

அன்று கந்தசஷ்டி தொடங்கிய நாள். அவருக்குச் சுகம் வரவேண்டுமென்றுதான் நான் பச்சைத்தண்ணீரோடு விரதம் பிடித்திருந்தேன்.

"ஐயோ முருகா! விரத நாளிலை மாட்டுத்தோலை அவரின்ரை உடம்பிலை ஒட்டுறதோ? ஆறு நாள் பொறுங்கோ டொக்டர். பாறணையோடை விரதம் முடிய ஒட்டலாம்."

"ஆறு நாள் கனக்கக்கா. புண் திறந்து கிடக்கக் கிடக்கக் கிருமி ஏறும்," என்றார் அவர். பிறகு என் மனுசன் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். "கோயில் தவில் என்ன, வாழைத்தோலிலையே கட்டினது?"

"விசர்க்கதை கதையாதேங்கோ!" வார்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டேன்.

"சரியப்பா, சரி. உம்மடை விரதம் முடியட்டும்," என்றார். என்னோடு மல்லுக்கட்ட அந்த உடம்பில் தெம்பு இல்லை. எனக்கோ வென்றுவிட்ட மாதிரி இருந்தது. அதை நினைக்க இப்போதும் என்னை நானே அறைய வேண்டும்போல இருக்கிறது.

வெளிச்சத்தை மட்டும் காட்டி, வழக்கமான மருந்தைக் கட்டினார்கள். விரதத்தின் நாலாம் நாள் அவருக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நான் ஓடிப்போய் டொக்டரின் கையைப் பிடித்தேன்.

"ஒட்டுங்கோ பிள்ளை. மாடெண்டாலும் சரி, பேயெண்டாலும் சரி, ஒட்டுங்கோ!"

"இப்ப ஒட்டேலாதக்கா. புண் பழுதாப்போச்சு."

ஆறாம் நாள், சூரன்போர் அன்று விடியவே அவர் போய்விட்டார்.

"முதலே ஒட்டியிருந்தால் தப்பியிருப்பாரோ?" என்று டொக்டரைக் கேட்டேன். "அப்பிடி நிச்சயமாச் சொல்லேலாதக்கா," என்று அந்தப் பிள்ளையும் அழுதது. ஓம் என்றிருந்தால் என்னை நானே திட்டித் தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் கொஞ்சமாவது மனம் ஆறியிருக்கும். இரண்டும் இல்லாமல் கிடந்து வேகிறேன்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கிரியை முடிந்து, ஆண்கள் பாடையைத் தூக்கக் குனிந்தபோதுதான், அவரை எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது எனக்கு உறைத்தது. சுடலைக்கு! ஓடிப்போய் அவருடைய பெரியப்பா ஏரம்பரின் காலைக் கட்டிப்பிடித்தேன். எங்கள் பக்கத்துக் காரியங்களுக்கெல்லாம் அவர் சொல்வதுதான் முடிவு.

"மாமா, நெருப்பு வையாதேங்கோ! எவ்வளவு வெந்த மனுசன்! கால் ரெண்டும் இன்னும் ஆறேல்லை மாமா. தாட்டு விடுங்கோ, உங்களைக் கும்பிடுறன், அவரை மண்ணுக்குள்ளை தாட்டு விடுங்கோ!"

பெண்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள். ஏரம்பர் குனிந்து என் தலையில் கை வைத்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. கோபமில்லாமல்தான் சொன்னார்.

"எங்கடை ஆக்களுக்கு அது வழக்கமில்லையே பிள்ளை. உனக்குத் தெரியாததே?"

தெரியும். விரதம் விரதம் என்று நின்ற என்னைவிட யாருக்குத் தெரியும்? பிடித்திருந்த காலை விட்டேன். அவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.