அலமாரியில் இல்லாத போன்

பிளாமென் அந்தப் புகாரை உரக்க வாசித்தபோது ரலீட்சாவின் வாயில் பாலாடைக்கட்டி வைத்த பனித்சாவின் கடைசித் துண்டு இருந்தது.

"நேத்து ராத்திரி புதுப் பதிப்பு வந்ததுலேருந்து திரை மாறவே மாட்டேங்குதாம். முதல்ல வந்த படமே அப்படியே நிக்குதாம்." பிறகு போனின் மாடலைச் சொன்னான். அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

இருவரும் ப்ளோவ்திவ் நகரில் ஒரு மூன்றாம் மாடி அறையில் உட்கார்ந்து பாக்ராவைக் கட்டி மேய்த்து வந்தார்கள். பாக்ரா என்பது திரையில் படம் வரையும் நிரல். மேசைக் கணினியோ கைபேசியோ, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன் செய்கிற ஒவ்வொருவனும் தன் பங்குக்கு ஒரு கிறுக்கை உள்ளே வைத்து விற்கிறான். அதைச் சமாளிக்க ஒவ்வொரு மாடலுக்கும் ஓரிரு வரிகளைத் தனியாக எழுதித் தொலைக்க வேண்டும். சோதித்துப் பார்ப்பதற்காகச் சுவரோரம் ஒரு செருப்பு அலமாரி நிறையப் பழைய போன்கள் சார்ஜில் கிடந்தன. அதில் ஒன்று செத்தால் ஆளுக்கு ஒரு வாய் ராக்கியாச் சாராயம் குடித்துக் கருமாதி செய்வார்கள். அதற்காக எழுதிய வரிகளையும் அன்றே நீக்கிவிடுவார்கள். சோதிக்க முடியாததைக் கட்டிக்கொண்டு அழ யாரால் முடியும்?

போன மாதம் அலமாரியில் அந்த மாடல் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்து பிளாமென், "இதுவும் போயிருச்சா?" என்று கேட்டான். போகவில்லை. அப்பாவின் போன் திராட்சைத் தொட்டியில் விழுந்துவிட்டதென்று ரலீட்சாதான் அதை எடுத்துப்போய் அவரிடம் கொடுத்திருந்தாள். சொல்லாமல் எடுத்த கூச்சம் அவளுக்கு. "ஆமா, போயிருச்சு" என்றாள். குடித்தார்கள். வரிகளை நீக்கியதும் அவளேதான்.

அப்பா ஸ்பாஸுக்குச் சர்க்கரை நோய். கையில் ஒட்டிய வில்லை ரத்தச் சர்க்கரையை அளந்து சொல்வதைப் போனில் ஒரு செயலி எண்ணாகக் காட்டும். அந்த ஊர்க் கணக்கில் ஏழெட்டு என்றால் பரவாயில்லை. பத்தைத் தாண்டினால் இன்சுலின் ஊசி. நாலுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து, உடனே இனிப்பு வேண்டும். அந்தச் செயலியை வரைவது பாக்ரா. பெருமையோடு அவள்தான் அதை ஏற்றிக் கொடுத்திருந்தாள்.

அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

"என்ன கண்ணு, இந்நேரத்துல?" அசெனோவ்கிராத் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் அறுவடை நாள். பின்னால் டிராக்டர் உறுமியது.

"அப்பா, நம்பர் எவ்வளவு காட்டுது?"

"பதினாலு. காலைலேருந்து அதே பதினாலுதான். உங்கம்மா மாதிரி பிடிவாதம் பிடிக்குது. ரெண்டு ஊசி போட்டாச்சு, அசையவே இல்ல. இப்பதான் மூணாவது எடுத்து…"

"போடாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் பிளாமென் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"ஏன் கத்துற?" அவர் பேச்சு லேசாகக் குழறியது. "பதினாலுன்னு போட்டிருக்கு."

"அது காலைல வந்த படம்ப்பா. திரை மாறல. சர்க்கரை இறங்கினா அடிக்கிற அலாரம் அடிக்கலியா?"

"சும்மா சும்மா கத்துதுன்னு அமத்தி வெச்சிட்டேன்."

"வேர்க்குதா?"

"வெயில்ல வேர்க்காம? கை கொஞ்சம் நடுங்குது. காலைலேருந்து கத்திரி பிடிச்ச கை."

"திராட்சை சாப்பிடுங்க. கை நிறைய. இப்பவே."

"பதினாலுல திராட்சையா? பைத்தியமா உனக்கு? நீதானே சொன்ன, உடம்பு சொல்றதைக் கேக்காதீங்க, நம்பரைக் கேளுங்கன்னு!"

சொன்னாள்தான். அவர் தலைசுற்றல் என்ற போதெல்லாம் சொன்னாள், அதட்டியும் சொன்னாள். இப்போது அவளைவிட அவள் வரைந்த எண்ணைத்தான் அவர் நம்பினார்.

"அப்பா, அந்த நம்பரைக் கெடுத்ததே நான்தான். வேலைல தப்புப் பண்ணிட்டேன். என்னைத் திட்டிக்கிட்டே சாப்பிடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

டிராக்டர் சத்தம் கேட்டது. பிறகு இலைகள் உரசின, மெல்லும் சத்தம் வந்தது.

"கழுதை" என்றார் அவர், வாய் நிறையப் பழத்தோடு. ரலீட்சா அழுதுவிட்டாள்.

விரலைக் குத்திப் பார்க்கும் பழைய கருவி அவர் சட்டைப் பையில் இருந்தது. அதில் பார்க்கச் சொன்னாள். வெகுநேரம் கழித்து, "ரெண்டு புள்ளி ஆறு" என்று வாசித்தார். அவர் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. தொடர்ந்து சாப்பிடவும், டிராக்டர் ஓட்டுகிறவனைக் கூப்பிடவும் சொன்னாள். அவன் சர்க்கரைக் கரைசலோடு ஓடிவந்து, தான் பக்கத்திலேயே இருப்பதாகச் சொன்ன பிறகுதான் போனை வைத்தாள்.

பிளாமென் அதற்குள் அந்த வரிகளைத் திரும்பச் சேர்த்திருந்தான். "செத்துப்போச்சுன்னு சொன்னியே" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் அந்த வரிகளைச் சரிபார்த்தாள்.

"சர்க்கரைச் செயலிக்காரங்களைக் கூப்பிட்டேன். இன்னைக்கு ஆபீஸ் லீவாம். மெசேஜ் விட்டிருக்கேன். நாம சரி பண்ணியாச்சு, ஆனா அவங்க எடுத்து அனுப்பினாத்தான் போனுக்குப் போகும்."

"அந்தப் போன் வேற யார்கிட்டல்லாம் இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

அவளுக்கும் தெரியாது. புகார் எழுதியவன் பெயர்கூடப் போடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த மாடலை வைத்திருப்பவர்களில் ஒரே ஒருவரின் எண்தான் அவளிடம் இருந்தது.