கம்பளத்தில் கிடந்த புத்தகங்கள்

கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. மழையில் நனைந்த ஜாக்கெட்டை அந்த ஹீற்றரில் போட்டுவிட்டு, என் முழங்காலோடு முழங்காலாக நெருங்கி இருங்கள். நாங்கள் கடல் கடந்து வந்து குடியிருக்கிற இந்தப் பிளேஸ்டோவில், பால் வாங்கப் போகிற தெருவிலேயே நடந்த ஓர் அதிசயத்தைச் சொல்லப்போகிறேன். இதில் அரசனும் இல்லை, பூதமும் இல்லை. ஒரு சின்னப் பிள்ளையும் கொஞ்சப் புத்தகங்களும்தான். ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பிள்ளையின் பெயர் தாரகா. தாய் பிரியந்தி, தகப்பன் நிசாந்தன். தாரகாவுக்கு மூன்று வயது. சிரிப்பாள், கைதட்டுவாள், கூப்பிட்டால் ஓடி வருவாள். காதும் நன்றாகக் கேட்கும். வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் வந்ததில்லை. நிசாந்தன் வேலைக்குப் புறப்படும்போது கதவடியில் நின்று மகளைச் செல்லமாகக் கூப்பிட்டு, "அப்பா போயிட்டு வாறன், அம்மாச்சி" என்பான். உடனே போய்விடமாட்டான். ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் கையை ஆட்டுவாள். அவனும் ஆட்டுவான். பிறகு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவான்.

பேச்சுப் பயிற்சிக்கு இடம் கிடைக்க நாளாகும் என்றார்கள். பிள்ளையைப் பார்க்க வந்த தாதி, அதுவரை நூலகத்தில் நடக்கும் கதை நேரத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை பிரியந்தி தள்ளுவண்டியோடு நூலகத்துக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பிள்ளைகள் பகுதியில் பெரிய நீலக் கம்பளம். அதன்மேல் முழுக்கப் புத்தகங்கள்! விரித்தபடி சில, குப்புறக் கிடந்தபடி சில. குழந்தைகள் அவற்றின்மேல் தவழ்கிறார்கள், நடக்கிறார்கள். ஒருவன் அட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

"ஐயோ, ஆரோ கொட்டிப்போட்டுப் போயிட்டினம்!"

குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கண்ணில் ஒற்றினாள். அலமாரியில் அடுக்கினாள். கதை சொல்ல வந்த நூலகர் மார்வா, கிலுகிலுப்பைக் கூடையோடு நின்று வெறுங்கம்பளத்தைப் பார்த்தாள். கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மறுபடி தரையில் பரப்பினாள். பிரியந்தி மறுபடி அடுக்கினாள். அடுத்த கிழமையும் இதே கூத்து.

தன் கடைக்குட்டியோடு அங்கே வருகிற தோழி பெனிற்றாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எடியேய், உனக்கு இஞ்ச ஆர் வேலை தந்தது? அவள் விரிக்கிறாள், நீ அடுக்கிறாய். மாமியும் மருமேளும் தோத்துப்போவினம்!"

"உனக்குப் பகிடி. காலுக்குள்ள கிடக்குதடி! பார்க்க எனக்கு நெஞ்சு பதறுது."

கடைசியில் பெனிற்றாதான் பிரியந்திக்கும் மார்வாவுக்கும் நடுவில் நின்று பேசித் தீர்த்தாள். "தவழுற பிள்ளைக்கு அலமாரி எட்டாதாம். பிள்ளை போற வழியில புத்தகம் கிடக்கவேணுமாம். அதுக்குத்தான் கீழ போடுறாவாம். கடிச்சாலும் பரவாயில்லையாம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் உன்னைப் பற்றியும் சொன்னனான். எங்கட ஆக்கள் புத்தகத்தில கால் பட்டால் எடுத்துக் கண்ணில ஒற்றுவினம் எண்டு. மனுசி வாயைத் திறந்தபடி நிண்டது."

அன்றோடு பிரியந்தி அடுக்குவதை விட்டாள். கை சும்மா இருக்குமா? எந்தக் குழந்தையின் பாதம் பட்டாலும், "கால், கால்" என்று மெல்லச் சொல்லி அந்தப் புத்தகத்தை எடுப்பாள், ஒற்றுவாள், இருந்த இடத்திலேயே வைப்பாள். மார்வா பாடுவாள், கிலுகிலுப்பைகள் குலுங்கும், இடையிடையே இந்த முணுமுணுப்பும் கேட்கும். தாரகா அம்மாவின் மடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். வாய் திறக்கவில்லை. கோடை போய், இலை உதிர்ந்து, குளிரும் வந்துவிட்டது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் நானும் பக்கத்து மேசையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். மார்வா குடையைத் தொலைத்த யானையின் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளே யானையாகிவிட்டாள். ஒரு கையைத் தும்பிக்கையாக ஆட்டி, பின்பக்கமாகத் தொம் தொம் என்று நடந்தாள். அவளுடைய பெரிய பாதம் ஒரு புத்தகத்தின்மேல் இறங்கியது.

"கால்!"

எல்லாரும் பிரியந்தியைத் திரும்பிப் பார்த்தோம். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து இறங்கிய தாரகா, மார்வாவின் பாதத்தை நேரே காட்டி, இன்னும் பலமாகச் சொன்னாள்.

"கால்!"

மார்வாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் உடனே குனிந்து பார்த்தாள். காலை எடுத்தாள். முழந்தாளிட்டு, அந்தப் புத்தகத்தை இரு கைகளாலும் தூக்கித் தன் மூடிய கண்களில் ஒற்றினாள்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்! ஒரு போலந்துக் குழந்தை தன் பக்கத்தில் கிடந்ததை எடுத்து மூக்கில் ஒற்றியது. ஒரு சோமாலியப் பிள்ளை நெற்றியில் வைத்தது. ஒரு வங்காளத் தாய் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். கம்பளம் முழுவதும் சின்னச் சின்ன முகங்கள் புத்தகங்களுக்குள் மறைந்து நின்றன. எத்தனையோ பூசைகளுக்குப் போயிருக்கிறேன், பிள்ளைகளே. தீபம் காட்டும்போது வருகிற அந்த அமைதி அப்போது அங்கே வந்தது.

பிரியந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். நிசாந்தன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை கதைச்சிட்டாள்! சொல்லு குஞ்சு, அப்பாவுக்குச் சொல்லு!"

தாரகா சிரித்தாள். கையை ஆட்டினாள்.

"அம்மாச்சி, எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோவன்." அவன் கெஞ்சினான். அவள் அவனுடைய மூக்கைப் பிடித்தாள். "சரி விடு, பிரியந்தி. எனக்குக் குடுத்துவைக்கேல்லை" என்று காலில் போடச் சப்பாத்தை எடுக்கக் குனிந்தான்.

நூலகத்திலிருந்து கொண்டுவந்த யானைக் கதைப் புத்தகம் தரையில் கிடந்தது. நிசாந்தன் அதைப் பார்த்தான். வாழ்நாளில் தெரிந்தே ஒரு புத்தகத்தில் கால் வைக்காதவன். சுவாமிப் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கால் பெருவிரலை அந்தப் புத்தகத்தை நோக்கி நீட்டினான்.

"கால்!"

விரல் பட்டதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவன் தரையில் விழுந்து புத்தகத்தை எடுத்தான். கண்ணில் ஒற்றியவன் நெடுநேரம் முகத்திலிருந்து அதை எடுக்கவேயில்லை. எடுத்தபோது யானையின் படம் நனைந்திருந்தது.

"ஓம், அம்மாச்சி," என்றான். "பிழைதான். அப்பான்ர கால்தான்."

என் செல்லங்களே, உங்கள் வீட்டுத் தரையிலும் புத்தகங்கள் எப்போதும் இறைந்து கிடக்கட்டும். அவற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றச் சின்னக் கைகள் நிறைய இருக்கட்டும். காத்திருக்கிற காதுகளுக்கு, காத்திருந்த குரல் வந்து சேரட்டும். உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.