கதவின் உட்புறம்

கலியாண வீடுகளில் படம் எடுப்பதை விட்டுவிட்டு, விற்பனைக்கு வரும் கட்டடங்களைப் படம் எடுக்கத் தொடங்கி நிஸ்ரினுக்கு நாலு வருஷமாகிறது. மணப்பெண்ணின் உம்மாமாரைப் போலக் கட்டடங்கள் குறை சொல்வதில்லை என்று கேட்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிலாபத்தில் காணித் தரகராக இருக்கும் நஸீம்தான் அவளுக்குப் பெரும்பாலும் வேலை கொடுப்பவர். அந்த ஆடி மாதமும் அவர்தான் ஆலங்குடாவுக்கு அப்பால் மூடிக் கிடந்த பழைய இறால் கொம்பனிக்கு அவளை அனுப்பினார். வாங்க நினைப்பவர் வெளிநாட்டில் இருந்தார். ஒவ்வொரு அறையும் வேண்டும், ஒவ்வொரு கதவும் உள்ளேயும் வெளியேயும் வேண்டும் என்று பட்டியல் போட்டிருந்தார். அந்த இடத்தில் சுற்றுலாக்காரருக்கு விடுதி கட்டுவதாகப் பேச்சு.

பின்னேரம் மூன்று மணிக்கு அவளுடைய ஸ்கூட்டி கேற்றடியில் நின்றது. காவலாளி முஸம்மில் கேற்றைத் திறந்துவிட்டார். அறுபதை நெருங்கியவர். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து தில்லையடியில் குடியேறியவர். நிஸ்ரினும் தில்லையடிதான். முகத்தைக் கண்டிருக்கிறாள், பேசியதில்லை.

"எல்லா இடமும் திறந்துதான் இருக்கு மகள். கூல் ரூம் பக்கம் போறதெண்டா மட்டும் என்னைக் கூப்பிடுங்க" என்றார்.

பூட்டி ஒன்பது வருஷமாகியும் கட்டடத்துக்குள் இறால் வாசனை போகவில்லை. கடற்காற்று கூரைத் தகரங்களில் பாதியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தது. மிச்சம் இருந்தவை ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன. இறால் உரிக்கும் நீண்ட மண்டபத்தில் மேசைகள் இல்லை. மேசைக் கால்கள் நின்ற அடையாளம் மட்டும் வெள்ளை ஓடுகளில் துருவட்டங்களாக இருந்தது. பெண்கள் உடுப்பு மாற்றும் அறையில் முழங்கால்வரை வரும் வெள்ளை பூட்ஸ்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. காற்று கொண்டுவந்த மணல் அவற்றை வாய்வரை நிரப்பியிருந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ கால்களை மட்டும் விட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது. அந்தப் படத்தை எடுத்துவிட்டு அடுத்த அறைக்கு அவள் கொஞ்சம் வேகமாகவே நடந்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"உள்ள ஆரும் இருக்கீங்களா?"

கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் தகரச் சத்தம் மட்டும். மறுபடியும் அதே கேள்வி, அதே அளவான குரலில். மூன்றாவது தரமும் கேட்டபோது நிஸ்ரின் சத்தம் வந்த பக்கம் போனாள். இருண்ட நடையின் முடிவில், ஒரு பெரிய இரும்புக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு முஸம்மில் நின்றார். தலையை உள்ளே நீட்டாமல், பக்கவாட்டில் திரும்பிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆரக் கூப்பிடுறீங்க நானா?"

"ஒருத்தரையும் இல்ல." கதவை விடாமலே சொன்னார். "ஒவ்வொரு நாளும் பின்னேரம் இப்பிடித் திறந்து கேட்டுப்போட்டுத்தான் பூட்டுறது."

அவராகவே சொன்னார். பதினொரு வருஷத்துக்கு முந்திய நோன்பு மாதம். அன்று மாலைக் காவல் அவருடையது. ஆறு மணிக்கு வேலை முடிந்த அறைகளையெல்லாம் பார்த்துப் பூட்ட வேண்டும். பள்ளியில் நோன்பு துறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இறாலைக் குளிரில் வைக்கும் இந்தக் கூல் ரூமின் கதவைத் தள்ளிக் கொண்டியைப் போட்டார். உள்ளே பார்க்கவில்லை, கூப்பிடவுமில்லை. இறால் பெட்டிகளுக்குப் பின்னால் ஜுனைதா என்ற பிள்ளை கழற்றிவைத்த கையுறையைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறாள். இருபத்தொன்பது வயது. இரவு வேலைக்கும் நின்றுவிட்டாளாக்கும் என்று அவளுடைய புருஷன் ஜௌபர் நினைத்துக்கொண்டான். விடியத்தான் கதவு திறந்தது.

"உள்ளுக்குக் குமிழ் ஒண்டு இருக்கும் மகள். அதைத் தள்ளினா வெளிக் கொண்டி தன்பாட்டில கழரும். நோன்புக் களைப்பில மயங்கி விழுந்திட்டா, அதால தள்ள ஏலாமப் போச்சு எண்டு விசாரணையில எழுதினாங்க. பாக்காமப் பூட்டினது என்ர பிழை. முதலாளி என்னை வேலையால நிப்பாட்டாம வெச்சிருந்தது அவர்ட நல்ல மனசு."

இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"நான் உள்ளுக்குப் போகணும் நானா. கதவின்ட உட்புறமும் படம் கேட்டீக்கிறாங்க."

முஸம்மில் கதவை அகலத் திறந்து, இரண்டு கைகளாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நடைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் பிடிச்சிட்டு நிக்கிறன். நீங்க கதைச்சுக்கொண்டே இருங்க. சத்தம் நிக்கக்கூடாது."

அவள் நுழைந்தாள். கெமராவின் வெளிச்சத்தை ஏற்றினாள். வெளியே இருந்த காற்றின் சத்தம் உள்ளே ஒரு துளியும் இல்லை. தன்னுடைய மூச்சே காதுக்குள் பெரிதாகக் கேட்டது. என்ன கதைப்பது என்று தெரியாமல், கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லத் தொடங்கினாள்.

"பெட்டி அடுக்கிற ராக்கை ரெண்டு ஈக்கி நானா. ஒண்டு சரிஞ்சு கிடக்கு. மேல குழாயெல்லாம் துரு. நிலத்துல தண்ணி இல்ல. இந்தா, இப்ப கதவுப் பக்கம் திரும்புறன். கதவு முழுக்கத் தகடு, நடுவுல கொஞ்சம் ஊதியீக்கி. குமிழ் கதவுல இல்ல நானா, கீழ விழுந்து கிடக்கு. சிவப்புக் குமிழ். அது இருந்த இடத்துல..."

அவள் கிட்டப் போய்க் குனிந்தாள். கெமராவை முகத்திலிருந்து எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தாள்.

"கதைங்க மகள்."

"அது இருந்த இடத்துல ஓட்டையே இல்ல. இரும்புத் தகடு வெச்சு ஒட்டியீக்கி. வெல்டிங் செஞ்ச ஒட்டு. கம்பிய முன்னுக்கே வெட்டியீக்கிறாங்க போல. குமிழ சும்மா மேல பொருத்தி வெச்சீக்கிறாங்க."

கதவு அசைந்துவிடுமோ என்று நிஸ்ரின் திரும்பினாள். அது அசையவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார் முஸம்மில்.

அவள் மறுபடியும் சொன்னாள். நடையில் கல் இழுபடும் சத்தம் கேட்டது. கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் உள்ளே வந்தார். குமிழை எடுக்கவில்லை. தகட்டின் மேல் விரல்களை வைத்து ஒட்டு ஓடிய வழியெல்லாம் தடவினார். தகட்டுக்குக் கீழே, ஒரு ஆள் நிலத்தில் குந்தியிருந்தால் கை எட்டும் உயரத்தில், உரசல் கோடுகள் இருந்தன. நிறைய இருந்தன. அவர் அதையும் கண்டார்.

"அப்ப அவ தள்ளியிருக்கிறா" என்றார். விரலை எடுக்காமலே, "மயங்கயில்ல" என்றார்.

நிஸ்ரின் பதினேழு படம் எடுத்தாள். அவற்றில் ஆறு மங்கலாக வந்திருந்தன.

படங்களை அனுப்பிய மறுநாளே நஸீம் அழைத்தார். "அந்தக் கூல் ரூம் கதவுப் படத்த எடுத்திட்டு மத்ததெல்லாம் திருப்பி அனுப்புங்க தங்கச்சி. விக்கிறவருக்கும் சரியில்ல, வாங்கிறவருக்கும் சரியில்ல." நிஸ்ரின் மறுபடி அனுப்பவில்லை. இரண்டு நாளாக வீட்டில் குளிக்கும்போதும் அவள் கதவைச் சாத்தவில்லை. ஏனென்று தங்கை கேட்டதற்கு, தாழ்ப்பாள் பழுது என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை முஸம்மில் வீட்டுக்கு வந்தார். கொம்பனித் திறப்புக் கொத்தை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வேலையை விட்டுவிட்டாராம். "அந்தப் படம் ஒண்டு எனக்கு வேணும். ஜௌபர்ட்டக் காட்டோணும். நீங்களும் வாங்க மகள், பாத்தது நீங்கதானே."

ஜௌபரின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். இந்தப் பதினொரு வருஷமும் முஸம்மில் அந்தத் தெருவை விட்டுச் சுற்றியே பள்ளிக்குப் போய்வந்திருக்கிறார். கதவைத் திறந்த ஜௌபர் அவரைக் கண்டதும் ஓரடி பின்னால் போனான். தலை முழுக்க நரைத்திருந்தது. முஸம்மில் ஸலாம் சொன்னார், படத்தை நீட்டினார். அந்த மனுஷன் அழுவான், இல்லையென்றால் கத்துவான் என்று நிஸ்ரின் எதிர்பார்த்து நின்றாள். ஜௌபர் படத்தை ஒருதரம் பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

முஸம்மில் எதிர்க் கதிரையில் உட்கார்ந்து அவனையே பார்த்தார்.

"அவ மௌத்தாகிறதுக்கு ஒரு கிழமைக்கு முந்தி வந்து சென்னா. ஆரோ உள்ளுக்கு ஒளிச்சு நிண்டு ராவைல பெட்டி கடத்துறாங்களாம், உள்ளாலத் திறக்க ஏலாமக் கொம்பனிக்காரங்க கம்பிய வெட்டிட்டாங்க எண்டு. விசாரணைக்கு முதல் நாள் கொம்பனிக்காரங்க வந்தாங்க. களைப்புல மயங்கினதாத்தான் ஈக்கணும் எண்டாங்க. புள்ளைக்கு அப்ப மூணு வயசு. நான் கையெழுத்து வெச்சிட்டன்." படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்தான். "நீங்க இந்தத் தெருவால வராம உட்டது எனக்கும் லேசாப் பொய்ட்டு நானா. நீங்க வந்தா உங்கட மொகத்த எப்பிடிப் பாக்கிறது எண்டுதான் நானும் பயந்துக்கிட்டு ஈந்தன்."

முஸம்மிலின் கை முழங்காலின் மேல் விரிந்து மூடிக்கொண்டிருந்தது. அடித்துவிடுவாரோ என்று நிஸ்ரின் பயந்தாள்.

"இப்ப செல்லுறன். எங்க வந்து செல்லணுமோ அங்க வந்து செல்லுறன்" என்றான் ஜௌபர்.

"அது பிறகு" என்றார் முஸம்மில். "மையவாடியில அவ எந்தப் பக்கம்? அடக்கின அண்டைக்கு ஜனாஸாவுக்கு வர எனக்குக் கால் வரயில்ல. இன்னும் போகயில்ல."

ஜௌபர் எழுந்தான். தொப்பியைத் தேடிப் போட்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது தடுமாறினான். முஸம்மில் அவனைப் பிடிக்கக் கை நீட்டவில்லை, ஆனால் அவன் மாட்டி முடிக்கும்வரை நின்றார்.

மையவாடியின் கேற்றடியில் நிஸ்ரின் நின்றுகொண்டாள். இரண்டு ஆண்களும் வேப்பமரத்தைத் தாண்டி உள்ளே போனார்கள். ஓரிடத்தில் ஜௌபர் நின்று கையால் காட்டினான். அவளுடைய தலைமாட்டில் நட்ட மீஸான் கட்டை சாய்ந்திருக்க வேண்டும். முஸம்மில் குந்தியிருந்து அதை நிமிர்த்தி, அடியில் மண்ணை அள்ளி அள்ளி இறுக்கினார். அதன்பின் வெகுநேரம் அவர் எழும்பவில்லை. ஜௌபர் நாலடி தள்ளி, எங்கே நிற்பதென்று தெரியாதவனாக, வெயிலிலேயே நின்றான்.